சூட்டில் வலுவேறும் உலோகம்

கேரளத்தில் மணல், ஹைதராபாத்தில் கண்டுபிடிப்பு. ஆனால் போர் விமானத்துக்கு என்ஜின் வருவதோ அமெரிக்காவிலிருந்து.

சூடேறினால் உலோகம் இளகும். ஆனால் மூன்று பங்கு நிக்கல் அணுவுக்கு ஒரு பங்கு அலுமினியம் என்று சேர்ந்த கூட்டுப்பொருள் விதிவிலக்கு. சுமார் 700 டிகிரி செல்சியஸ் வரை, சூடேறச் சூடேற அதன் வலு கூடுகிறது. இருவகை அணுக்களும் ஒழுங்கான வரிசையில் அமர்ந்த இத்தகைய பொருள்களை உலோகிடைச் சேர்மங்கள் என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

ஜெட் என்ஜினுக்கு இவை உயிர்நாடி. டர்பைன் பிளேடுகளைத் தாக்கும் வாயுவின் வெப்பம் 1,500 டிகிரியைத் தாண்டும். பிளேடின் நிக்கல் கலவையோ 1,350 டிகிரி வாக்கில் உருகத் தொடங்கிவிடும். உள்ளே காற்றைச் செலுத்திக் குளிர்விப்பதாலும் பீங்கான் பூச்சாலும்தான் பிளேடு தப்பிக்கிறது. அந்தக் கலவைக்கு வலுவூட்டுவதே அதற்குள் செறிந்திருக்கும் நிக்கல் அலுமினைடு துகள்கள்தான்.

அடுத்த கட்டம், எடை அதில் பாதியே உள்ள டைட்டானியம் அலுமினைடு. ஏர் இந்தியா 2012ல் வாங்கத் தொடங்கிய டிரீம்லைனர் விமானங்களின் ஜெனரல் எலக்ட்ரிக் என்ஜினில், டர்பைனின் கடைசி இரு வரிசை பிளேடுகள் இதனால் ஆனவை. பெரிய குறை: சாதாரண வெப்பநிலையில் எளிதில் விரிசல் விடும்.

இந்தக் குறையைத் தணிக்க வழி காட்டியது இந்தியா. 1988ல் ஹைதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வுக்கூடத்தில் தீபங்கர் பானர்ஜியும் சகாக்களும், நியோபியம் சேர்த்த டைட்டானியம் அலுமினைடில் புதிய அணு அமைப்பு ஒன்றைக் கண்டறிந்தனர். சிலிக்கன் கார்பைடு இழைகளைப் பொதித்துக் கலப்புப் பொருள் செய்ய ஏற்றது என்று வெளிநாட்டு ஆய்வாளர்களும் அதில் இறங்கினர்.

மூலப்பொருளுக்கும் பஞ்சமில்லை. கொல்லம் அருகே சவராவின் கருமணலில் டைட்டானியத் தாது கிடைக்கிறது. அங்குள்ள கேரள மினரல்ஸ் அண்ட் மெட்டல்ஸ் நிறுவனம், அதே ஹைதராபாத் ஆய்வுக்கூடத்தின் தொழில்நுட்பத்தில் 2011ல் டைட்டானியம் ஸ்பாஞ்ச் ஆலையைத் திறந்தது. ஆண்டுத் திறன் 500 டன்.

இடறியது ஆய்வுக்கும் ஆலைக்கும் நடுவில். 1989ல் அனுமதி பெற்ற காவேரி என்ஜின் போதிய உந்துவிசை தராததால் 2008ல் தேஜஸ் திட்டத்திலிருந்து விலக்கப்பட்டது. பறக்கும் நிலையில் அதைச் சோதிக்க 2010ல் ரஷ்யாவுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. தேஜஸ் மார்க் 1ஏ விமானத்துக்காக 2021ல் அமெரிக்காவிடம் 99 என்ஜின்கள் கேட்கப்பட்டன. முதல் என்ஜின் வந்தது 2025 மார்ச்சில். அதுவரை விமானப்படை காத்திருந்தது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. ஹெலிகாப்டர் என்ஜினுக்கான 60 ஒற்றைப்படிக நிக்கல் பிளேடுகளை 2021ல் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸிடம் ஹைதராபாத் ஆய்வுக்கூடம் ஒப்படைத்தது. புதிய உலோகத்தைக் கண்டறியும் திறமை நாட்டில் உண்டு. வார்ப்பாலைகளுக்கும் சோதனைக்கூடங்களுக்கும் சளைக்காமல் பணம் ஒதுக்கினால்தான் அது பிளேடாகும்.