கணிப்பொறிக்குக் காது முளைத்தால்...

ஆமத்தூரில் ஒரு வீட்டு மேசைமேல் கணிப்பொறி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அவ்வீட்டில் ஒருவருக்குப் பட்டாசு வேலையில் கையில் தீக்காயம். விசைப்பலகையைத் தட்ட இயலாது. அவர் பேசப் பேசக் கணிப்பொறியே எழுதிக்கொண்டால் எவ்வளவு உதவியாக இருக்கும்! அத்தகைய மென்பொருள்கள் இன்று உண்டு. ஆனால் அவர் எப்போது பேசுவார் என்று கணிப்பொறிக்குத் தெரியாதே! எனவே அது நாள் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். இது எப்படி இயலும்?

பேச்சு என்பது காற்றில் ஏற்படும் அழுத்த மாற்றம். மைக் அதை மின்னழுத்த மாற்றமாக்குகிறது. கணிப்பொறி அதனை வினாடிக்கு 16,000 முறை அளக்கிறது. ஏன் 16,000? அளக்கும் எண்ணிக்கையில் பாதி அதிர்வெண் வரைதான் சரியாகப் பதிவாகும். பேச்சைப் புரிந்துகொள்ள 8,000 ஹெர்ட்ஸ் வரை போதும். ஓர் அளவுக்கு 2 பைட்டுகள் என்றால், ஒரு மணி நேரத்திற்கு 11 கோடிக்கும் மேற்பட்ட பைட்டுகள் சேரும்! அத்தனையும் சேமிக்கத் தேவையில்லை. கடைசிச் சில வினாடிகளை மட்டும் வைத்துக்கொண்டு, பழையதை அழித்துக்கொண்டே போகலாம்.

பட்டாசு ஆலை வாசலில் காவலாளி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வாறே ஒரு சிறு நிரல் எப்போதும் விழித்திருக்கும். 'இது பேச்சா, இல்லையா?' என்பது மட்டுமே அதன் கேள்வி. ஓசையின் வலிமையை மட்டும் பார்த்தால் வெடிச் சத்தத்திலும் ஏமாந்துவிடும் அல்லவா? வெடிச் சத்தம் பல அதிர்வெண்களும் கலந்து ஒரு நொடிப்பொழுதில் மறைவது. பேச்சிலோ குரல்நாண்கள் வினாடிக்கு நூறு, இருநூறு முறை என்று சீராக அதிர்கின்றன. இந்த வேறுபாடு காவலாளிக்குத் துணை. பேச்சு என்று தெரிந்ததும் பெரிய நிரலை எழுப்பிவிடும்.

பெரிய நிரல் ஒலியை 25 மில்லி வினாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு வலிமை என்று கணிக்கிறது. 'ஆ', 'ஈ' என்று ஒரே சுருதியில் சொல்லிப் பாருங்கள். வாயின் வடிவம் மாறுவதால் ஒத்ததிர்வும் மாறுகிறது. எழுத்தைக் காட்டிக்கொடுப்பது அதுவே.

ஆனால் நம்மில் பலர் 'வழி' என்பதை 'வளி' என்றுதானே சொல்கிறோம்? இங்கே ஒலி மட்டும் போதாது. 'சிவகாசிக்கு எந்த...' என்று தொடங்கினால் அடுத்து வரக்கூடியது 'வழி'தான் என்று நிகழ்தகவைக் கொண்டு நிரல் முடிவு செய்கிறது.

இந்த அறிவு அதற்கு எங்கிருந்து வந்தது? மனிதர் பேச்சைக் கேட்டுத்தான்! 2022-இல் வெளிவந்த 'விஸ்பர்' என்னும் நிரல் 6,80,000 மணி நேரப் பேச்சில் பயின்றது. அதில் பெரும்பகுதி ஆங்கிலம். நம் மொழிகளுக்காகச் சென்னை ஐ.ஐ.டி.யின் 'ஏ.ஐ.4 பாரத்' குழு, 145 மாவட்டங்களில் 16,237 பேரின் குரல்களைத் திரட்டி, 22 மொழிகளில் 7,348 மணி நேரப் பேச்சை 2024-இல் அறிவித்தது. ஏன் இத்தனை மாவட்டங்கள்? நம் ஊர்ப் பக்கம் 'வந்தாக, போனாக' என்போம். அதைக் கேட்டறியாத நிரல் அதை எப்படிச் சரியாக எழுதும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். சில மென்பொருள்கள் உங்கள் குரலை இணையம் வழியே வெளியூர்க் கணிப்பொறிக்கு அனுப்புகின்றன; சில உங்கள் கணிப்பொறிக்குள்ளேயே வேலையை முடிக்கின்றன. எப்போதும் திறந்திருக்கும் காது யாருடையது என்று கேட்டறிவது நம் கடமை.

ஒரு சோதனை செய்வோமா? கைப்பேசியின் குரல் தட்டச்சில் 'வலி, வளி, வழி' என்று தனித்தனியே சொல்லுங்கள். பிறகு வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள். கடைசியாக, உங்கள் பாட்டியைப் பேசச் சொல்லுங்கள். பிழைகளை எண்ணி அட்டவணையிடுங்கள். எங்கே பிழை மிகுதியோ, அங்கே நிரல் இன்னும் கேட்க வேண்டிய தமிழ் இருக்கிறது.