மலைக்கு எப்போது வந்தது சுதந்திரம்?

கல்வராயன் மலையில் சாமை விளையும் ஒரு சரிவு. கல்லைப் பொறுக்கி ஓரமாக அடுக்கி, புதரை வெட்டி, மண்ணைக் கொத்தி அதைக் கொல்லையாக்கியது ஒரு மலையாளிக் குடும்பம். (இவர்கள் கேரளத்தவர் அல்லர், இந்த மலையின் பழங்குடிகள்.) அந்தக் கொல்லை யாருக்குச் சொந்தம்?

இந்தக் கேள்விக்கு இங்கிலாந்தின் ஜான் லாக் 1689இல் வெளிவந்த தன் நூலில் பதில் எழுதினார். ஒருவனுடைய உழைப்பு கலந்த மண் அவனுக்கே உரியது. உயிரையும் உரிமையையும் உடைமையையும் காக்கத்தான் அரசு. குடிகளின் சம்மதம் இல்லாத அதிகாரம் செல்லாது. இங்கிருந்து வளர்ந்ததுதான் செவ்வியல் தாராளவாதம். தமிழ்ப் பெயர் கொஞ்சம் ஏமாற்றும். வாரி வழங்கும் தாராளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லத்தீனில் ‘லிபர்’ என்றால் சுதந்திரமானவன்.

1776இல் ஆடம் ஸ்மித் இதைச் சந்தைக்குக் கொண்டுபோனார். 1859இல் ஜான் ஸ்டூவர்ட் மில், பிறருக்குத் தீங்கு நேராதவரை தனிமனிதன் விஷயத்தில் யாரும் தலையிடக் கூடாது என்றார். அதே மில் 35 ஆண்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் சம்பளம் வாங்கியவர். ‘பின்தங்கிய’ சமூகங்களுக்கு இந்தச் சுதந்திரம் பொருந்தாது என்றும் எழுதிவைத்தார்!

நம் பக்கத்தில் இக்கொள்கையைக் கட்சியாக்கியவர் ராஜாஜி. கூட்டுப் பண்ணைத் திட்டத்தையும் ‘பர்மிட் லைசென்ஸ் ராஜ்’ஜியத்தையும் எதிர்த்து 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார், 1967இல் அது மக்களவையில் 44 இடங்களைப் பிடித்தது. அரசாங்கத்தின் கை நீண்டுவிட்டது என்பது அவர் கவலை. அவர் வக்கீல் தொழில் பார்த்த சேலத்துக்குக் கிழக்கே எழும் இந்த மலையிலோ, அரசாங்கத்தின் கை அப்போது எட்டவே இல்லை.

சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என மூன்று ஜாகீர்தார்களின் (வரி வசூலிக்கும் உரிமை பெற்ற தலைவர்களின்) பிடியில் இருந்தது மலை. நாடு விடுதலை பெற்ற பிறகும் வரி அவர்களுக்கே போனது. 1976இல்தான் அரசு ஜாகீர்களைக் கையகப்படுத்தியது. நாடெங்கும் நெருக்கடி நிலை உரிமைகளைப் பறித்திருந்த நேரத்தில் இங்கே ஜாகீர் ஒழிந்தது. அரசைக் கட்டிப்போடச் சொல்லும் தத்துவம் இந்த இடத்தில் திணறுகிறது. குட்டி ராஜாக்களை இறக்க இங்கே அரசுதான் வரவேண்டியிருந்தது.

ஓட்டு அதற்கும் பிந்தியது. 2024 ஜூனில் இம்மலையை ஒட்டிய கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபின், சென்னை உயர் நீதிமன்றம் இம்மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரித்தது. அவர்களுக்கு வாக்குரிமை கிடைத்ததே 1990களில்தான் என்ற செய்தி அப்போதுதான் பலருக்கும் தெரிந்தது.

சாமைக் கொல்லைக்கு வருவோம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏறக்குறைய லாக்கின் வழியில் போகிறது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே வனநிலத்தில் பயிர் செய்துவரும் பழங்குடிக் குடும்பம் 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். அந்த மனுவை முதலில் கொடுக்க வேண்டிய இடம் வனத்துறை அலுவலகம் அல்ல, ஊரின் கிராம சபை.