தீவட்டி வெளிச்சமும் இறுவட்டும்

பசறை, லுணுகலை, ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டங்களிலே பல வீடுகளில், தகரப் பெட்டியொன்றுக்குள் கல்யாணப் படங்களோடு இரண்டொரு இறுவட்டுகளும் கிடக்கும். மகளின் மஞ்சள் நீராட்டு, மகனின் திருமணம், மாசி மாதத்துக் காமன் கூத்து, எல்லாம் அவற்றுள் அடங்கியுள்ளன. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியபோது, உயிர்களோடு இத்தகைய பெட்டிகளும் புதையுண்டிருக்குமன்றோ?

மண்சரிவு வேண்டாம்; மலைநாட்டின் ஈரக் காற்றே போதும். நாம் பதிவு செய்யும் இறுவட்டில் காட்சியைத் தாங்கி நிற்பது ஒரு மெல்லிய சாயப் படலம். நாளடைவில் அது கெட்டுவிடும். ஆகவே, காலம் தாழ்த்தாது அவற்றைக் கணினிக்கு மாற்றிவிட வேண்டும். கணினி பயிலும் பிள்ளைகள் வீட்டிலிருந்தால் அவர்களே இதைச் செய்துவிடலாம். ஆனால், எவ்வளவு சுருக்குவது என்பதிலேதான் பலர் தவறிவிடுகின்றனர்.

சாதாரண இறுவட்டு 4.7 ஜிகாபைட் கொள்ளும். அதிலுள்ள காட்சி 720க்கு 576 புள்ளிகள் கொண்டது. நொடிக்கு 25 படங்கள். 2003இல் வெளிவந்த எச்.264 என்னும் முறை, இறுவட்டின் பழைய எம்பெக்-2 முறையைக் காட்டிலும் ஏறக்குறையப் பாதி இடத்தில் அதே தரத்தைத் தரவல்லது. அடுத்தடுத்த படங்களுக்கிடையே மாறியதை மட்டும் குறித்துக்கொள்வதே அதன் சூட்சுமம்.

மணவறையில் மணமக்கள் அசையாது வீற்றிருக்கிறார்கள். குறிக்க வேண்டியது சொற்பம். காமன் கூத்தோ அப்படியன்று! நள்ளிரவு; தீவட்டிச் சுடர் நடுங்குகிறது; புகை சுழல்கிறது; தப்பொலிக்கு ரதியும் மன்மதனும் சுற்றி ஆடுகிறார்கள். ஒவ்வொரு படத்திலும் அனைத்தும் மாறுகின்றன. போதாக்குறைக்கு, இருட்டிலே கமெரா தானே உண்டாக்கும் புள்ளிப் பொரிவுகள் வேறு. கல்யாணத்துக்கு ஒதுக்கிய அதே அளவை இதற்கும் ஒதுக்கினால் முகங்கள் சதுரம் சதுரமாக உடைந்துபோகும்.

ஆதலால் கோப்பின் அளவை முன்கூட்டி முடிவு செய்யாதீர்கள். தரத்தை முடிவு செய்யுங்கள். ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளில் இதற்கென ஓர் எண் உண்டு. எண் குறையக் குறையத் தரம் கூடும். எச்.264 முறையில் கல்யாணத்துக்கு 22 போதும். கூத்துக்கு 18 வரை இறங்கலாம். ஆடுவோரின் ஓரங்கள் சீப்புப் பல்லாகத் தெரிந்தால், இடைவரிகளை இணைக்கும் வசதியையும் தெரிவு செய்க. 'எச்.டி. ஆக்கித் தருகிறோம்' என்று கூறுவோரிடம் மயங்க வேண்டாம். பெரிதாக்குவதால் மட்டும் பதிவில் இல்லாத முகம் வந்துவிடாது, கோப்புத்தான் வீங்கும்.

மூன்று மணி நேரக் கூத்தையும் சுருக்குமுன், மன்மதன் எரியும் கட்டத்தில் ஒரு நிமிடத்தை மட்டும் சுருக்கி வீட்டுப் பெரியவரிடம் காட்டுங்கள். ஆடுபவர் இன்னாரென்று அவர் சொல்லிவிட்டால் அந்த எண் சரியானது.

சுருக்கிய கோப்பு, கொழும்பிலும் வளைகுடாவிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புவதற்கே. வட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்புக. காணொளியாக அனுப்பினால் அது மறுபடியும் சுருக்கிவிடும். மூலத்தையோ சுருக்காமல் முழுமையாகப் பிரதி எடுத்து வைத்தல் வேண்டும். ஒரு டெராபைட் வன்தட்டில் ஏறத்தாழ 200 இறுவட்டுகள் அடங்கும். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கலாம். கோப்பின் பெயரிலே தோட்டம், ஆண்டு, ஆடியவர் பெயர்களைக் குறித்து, இன்னொரு பிரதியை வேறு மலையிலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள்.