பாதிரியார் நீதிபதியானது தெரியுமா?

1818-ல் நாகர்கோவிலில் நீதிபதி நாற்காலியில் இருந்தவர் யார் தெரியுமா? ஒரு பாதிரியார்! லண்டன் மிஷன் சார்லஸ் மீட். திருவிதாங்கூர் சர்க்காரே கொடுத்த வேலை. மிஷன்காரர்களுக்குத்தான் அது பிடிக்கவில்லை; சீக்கிரமே விட வேண்டியதாயிற்று.

அந்த மிஷன் திருவிதாங்கூரில் முளைத்த விதம் இன்னும் விசித்திரம். மயிலாடி மகாராசன் கும்பிடப் புறப்பட்டது சிதம்பரத்துக்கு! திரும்பும் வழியில் தஞ்சாவூரில் லுத்தரன் பாதிரியாரிடம் ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கமாக ஊருக்கு வந்தார். தாழ்ந்ததாகக் கருதப்பட்ட சாம்பவர் சாதிக்காரர் ஒருவர் கிறிஸ்தவரானால் ஊர் சும்மா இருக்குமா? படாத பாடு பட்டார். அவரை நம்பித்தான் லண்டன் மிஷனின் பிரஷ்யாக்காரப் பாதிரியார் ரிங்கல்தௌபே 1806-ல் மயிலாடிக்கு வந்தார். வந்து என்ன? திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி இருந்தவரை வேதக்கோயில் கட்ட அனுமதி இல்லை. 1809-ல்தான் கட்டினார்கள்.

வெள்ளைக்காரக் கும்பினியாவது ஆதரித்ததா என்றால், அதற்கும் மிஷனரிகள் மேல் சந்தேகம்தான்! பாப்டிஸ்ட் வில்லியம் கேரி 1800-ல் வங்காளத்தில் டேனிஷ்காரர்களின் செராம்பூரில் போய் ஒதுங்கினார். ரிங்கல்தௌபே 1804-ல் வந்து சேர்ந்ததும் டேனிஷ் தரங்கம்பாடியில்தான்.

இனி திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாயின் கதையைக் கேளுங்கள். நாகர்கோவில் மிஷன் பள்ளிக்கு வயல் வாங்க 5,000 ரூபாய் கொடுத்த அதே ராணியின் பேரில்தான் 1829 பிப்ரவரி 3-ல் ஓர் உத்தரவும் வந்தது: நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் தோள்சீலை போடக்கூடாது, சர்க்காரைக் கேட்காமல் வேதக்கோயில் கட்டக்கூடாது, ஊழியம் செய்தே ஆகவேண்டும், ஞாயிறு மட்டும் விடுதலை! கூலியில்லாத சர்க்கார் வேலைக்குத்தான் ஊழியம் என்று பெயர். தோள்சீலைக்கு இன்னும் முப்பது வருடம் அடிதடி. 1859 ஜூலை 26-ல் அனுமதி வந்தது, அதிலும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக்கூடாது என்ற கொக்கியோடு!

மீட் என்ன ஆனார்? மனைவி இறந்தபின் பறையர் குலத்தில் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண்ணை மணந்தார். எத்தனையோ வருடம் சாதிக்கு எதிராகப் பிரசங்கம் செய்த மிஷனால் அதைத் தாங்க முடியவில்லை. அவர் வெளியேற நேர்ந்தது. அப்போது கைகொடுத்தது யார் தெரியுமா? அதே திருவிதாங்கூர் சர்க்கார்! கூப்பிட்டுப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் மேலதிகாரியாக வைத்துக்கொண்டது.