ஆப் திறக்கும் நொடியில் ஒரு பூட்டு

அருப்புக்கோட்டை பூ மார்க்கெட்டில் பணம் வந்துவிட்டதா என்று பார்க்க ஆண்ட்ராய்டு போனில் ஆப்பைத் தொடுகிறோம். உடனே அதன் பல த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) உள்ளிருக்கும் லினக்ஸ் கெர்னலிடம் ஒரே நினைவக வரைபடத்துக்கு முண்டுகின்றன. எத்தனை பேர் சேர்ந்து படித்தாலும் கெடுதல் இல்லை. ஆனால் ஒருவர் திருத்தும்போது வேறு யாரும் பார்க்கக் கூடாது. பாதி அழித்த விலைப் பலகையை நம்பி மல்லிகை வாங்க முடியுமா? இதற்குத்தான் படிப்பு-எழுத்துப் பூட்டு.

எப்படி? பூட்டுக்குள் இருப்பது ஓர் எண். படிக்க வருபவர் அதில் தன் கணக்கைக் கூட்டுகிறார், போகும்போது கழிக்கிறார். எழுதுபவருக்கு அதே எண்ணில் தனி பிட். படிப்பவர்கள் வந்துகொண்டே இருந்தால் எழுதுபவருக்கு முறையே வராது. அதனால் வரிசையின் முதலில் நிற்பவர் சுமார் 4 மில்லிவினாடிக்கு மேல் காத்திருந்தால், புதியவர்கள் முந்தாதபடி கெர்னல் தடுத்துவிடுகிறது. இந்த நியாயம் எனக்கு மிகவும் பிடித்தது.

உண்மையான சிக்கல் வேறு. படிக்க மட்டுமே வந்தவரும் அந்த எண்ணை மாற்றியாக வேண்டும். திருச்சுழியில் புழங்கும் குறைந்த விலை போனிலும் இன்று எட்டு கோர்கள். அந்த எண் இருக்கும் கேஷ் வரி (கோரின் வேக நினைவகத்தில் ஒரு துண்டு) ஒவ்வொரு கோராக இழுபடுகிறது. படிப்பவர்களே ஒருவரையொருவர் தாமதப்படுத்துகிறார்கள்.

இந்த நெரிசலைக் குறைக்க, 2023இல் வந்த லினக்ஸ் 6.4, வரைபடம் முழுமைக்குமான ஒற்றைப் பூட்டோடு, ஒவ்வொரு நினைவகப் பகுதிக்கும் தனிப் பூட்டு தரத் தொடங்கியது. ஒரு பகுதியைத் திருத்தும்போது, அடுத்த பகுதியில் நினைவகப் பக்கம் தேடும் த்ரெட் இனி நிற்க வேண்டியதில்லை.