அரை நொடித் தாமதம்

ஒன்றாம் வகுப்பில் பாடம் நடப்பதை வெளியே நின்று கேட்டவர்களுக்குத் தெரியும். டீச்சர் ஒரு வரி சொல்வார். பிள்ளைகள் அத்தனை பேரும் அதையே ஒரே குரலில் திருப்பிச் சொல்வார்கள். பெங்களூரு அடுகோடியில் இந்தச் சத்தம் ஒரே மொழியில் கேட்பதில்லை. ஒரு கட்டடத்தில் கன்னட எழுத்துகள், அடுத்த தெருவில் ஆங்கிலப் பாட்டு. வீடு திரும்பிய பிள்ளை அதையே அம்மாவிடம் தமிழில் விளக்கும். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகளை மூடி, பாடம் செல்போனுக்குள் போனபோது முதலில் காணாமல் போனது இந்தக் கூட்டுக் குரல்தான். “எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க” என்று மிஸ் சொன்னால் வந்தது வெறும் இரைச்சல். அடுத்து வந்த கட்டளை, “எல்லாரும் ம்யூட் பண்ணுங்க.”

இதில் ஆசிரியரின் தவறும் இல்லை, பிள்ளைகளின் குறும்பும் இல்லை. மனிதப் பேச்சு எவ்வளவு நுணுக்கமான கால அளவில் ஓடுகிறது என்பதை அந்த இரைச்சல்தான் நமக்குக் காட்டிக்கொடுத்தது.

இருவர் பேசும்போது ஒருவர் முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையே எவ்வளவு நேரம் போகிறது? உலகின் வெவ்வேறு மூலைகளில் பேசப்படும் 10 மொழிகளை எடுத்து இதை அளந்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 200 மில்லிநொடி. மொழிக்கு மொழி வேறுபாடு இருந்தாலும் அது மிகச் சிறியது. இதில் வியப்பு என்னவென்றால், ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னாலே நம் மூளைக்கு 600 மில்லிநொடி தேவைப்படுகிறது. ஆக, எதிராளி பேசி முடித்த பிறகு நாம் யோசிக்கத் தொடங்குவதில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வாக்கியம் எங்கே முடியும் என்று கணித்து, பதிலை நாக்கு நுனியில் வைத்துக் காத்திருக்கிறோம். ஐந்து வயதுப் பிள்ளையும் இந்த வித்தையை நாளெல்லாம் செய்துகொண்டிருக்கிறது.

இப்போது நடுவில் ஒரு செல்போனை வையுங்கள். குரல் துண்டு துண்டாக நறுக்கப்பட்டு, டவருக்குப் போய், எங்கோ இருக்கும் சர்வரைத் தொட்டுத் திரும்பி வந்து, வரிசை கலைந்த துண்டுகள் சேரும்வரை சற்றுக் காத்திருந்து, பிறகுதான் ஒலிக்கிறது. நேருக்கு நேர் பேசும்போது 135 மில்லிநொடியாக இருந்த இடைவெளி ஸூம் வழியே 487 மில்லிநொடியாக நீண்டதை அமெரிக்க உளவியலாளர்கள் அளந்திருக்கிறார்கள். ஏறக்குறைய அரை நொடி. பெரியவர்களுக்கே இது பேச்சின் ஓட்டத்தைக் கெடுக்கிறது. சேர்ந்து பாடுபவர்களால் தாங்க முடிவதோ சில பத்து மில்லிநொடித் தாமதம் மட்டுமே. போதாததற்கு, வீடியோ அழைப்பு மென்பொருள் யாராவது ஒருவரின் குரலை முன்னே கொண்டுவந்து மற்றவற்றை இரைச்சலாகக் கருதி அடக்கப் பார்க்கிறது. முப்பது குழந்தைகள் ஒன்றாகச் சொல்லும் ‘அ, ஆ’ அந்த மென்பொருளுக்குப் பாடமாகத் தெரிவதில்லை.

கூட்டாகச் சொல்வதை மனப்பாடக் கல்வி என்று பழிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுத்துத் தெரியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் குரலைப் பிடித்துக்கொண்டு அரை வினாடி பின்னால் ஓடிவரும் இடம் அது. தவறாகச் சொன்னாலும் யாருக்கும் தெரியாது. நாலாவது முறை சரியாகிவிடும். திரை வந்ததும் அந்த மறைவு போய்விட்டது. ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே மைக்கைத் திறந்து எல்லோர் முன்னும் சொல்ல வேண்டியிருந்தது, தெரியாத பிள்ளை பேசாமலே இருந்துவிட்டது.

சரி, திரை வழியாகச் சின்னப் பிள்ளைகளால் கற்கவே முடியாதா? முடியும், ஆனால் ஒரு நிபந்தனையோடு. பாட்ரிசியா குல் என்ற அமெரிக்க விஞ்ஞானி 2003-இல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல நுழைவாயில். ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுபவர்கள் நேரில் 12 முறை கதை சொல்லி விளையாட்டுக் காட்டினார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள், அதே கதைகள், ஆனால் வீடியோவில் மட்டும் பார்த்த குழந்தைகளோ எதையும் கற்கவில்லை. 2014-இல் வேறொரு குழு இரண்டு வயதைக் கடந்த பிள்ளைகளை வைத்து அடுத்த கேள்வியைக் கேட்டது. பதிவு செய்த வீடியோவில் புதுச் சொற்களைக் காட்டினால் பிள்ளைகள் கற்கவில்லை. ஆனால் நேரலை அழைப்பில், பிள்ளை சொன்னதற்கும் செய்ததற்கும் அந்தப் பக்கத்திலிருந்து உடனுக்குடன் மறுமொழி வந்தபோது, நேரில் இருப்பதற்குச் சமமாகக் கற்றார்கள்.

அப்படியென்றால் கண்ணாடித் திரை தடையல்ல. தன் பேச்சுக்கு மறுமுனையில் பதில் கிடைக்கிறதா என்பதைத்தான் பிள்ளை பார்க்கிறது. வீட்டிலிருக்கும் மாணவருக்கு ஒரு தொடக்கப்பள்ளி எப்படிக் கைகொடுக்கலாம் என்ற கேள்வியை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். எவ்வளவு பாடம் அனுப்பினோம் என்பதைவிட, பிள்ளையிடமிருந்து எவ்வளவு திரும்பி வந்தது, வந்ததற்கு என்ன பதில் போனது என்பதே பெரிய கேள்வி.

கர்நாடகத்தில் பள்ளிகள் மூடிய ஆண்டில் நடந்த வாதம் வேறு திசையில் போனது. 2020 ஜூனில் மாநில அரசு ஐந்தாம் வகுப்பு வரையிலான ஆன்லைன் வகுப்புகளை நிறுத்தச் சொன்னது. ஓரிரு நாளில் அதை ஏழாம் வகுப்பு வரை நீட்டியது. அடுகோடியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் வல்லுநர்களிடமும் அரசு கருத்துக் கேட்டிருந்தது. ஜூலை 8 அன்று கர்நாடக உயர்நீதிமன்றம் அந்த ஆணைகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. குழந்தைகளின் கல்வி உரிமையை அவை பாதிக்கின்றன என்பது நீதிமன்றத்தின் பார்வை. அடுத்த வாரமே மத்திய அரசு ‘பிரக்யாதா’ என்ற வழிகாட்டலை வெளியிட்டது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நாளுக்கு இரண்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம். எல்லோரும் திரை நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்கும் தூக்கத்துக்கும் அது முக்கியம்தான். ஆனால் அந்த 45 நிமிடத்தில் ஒரு பிள்ளை எத்தனை முறை பேசியது, எத்தனை முறை பதில் பெற்றது என்ற கணக்கு எந்த ஆணையிலும் இடம்பெறவில்லை.

ஓர் அறையும் சமையல் இடமும் மட்டுமே உள்ள வீட்டில் வகுப்பு நேரம் என்பதே வேறு மாதிரி. ஸ்மார்ட்போன் ஒன்றுதான் இருக்கும். அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். காலை பத்து மணி வகுப்பை இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் வீடியோவாகப் பார்க்க வேண்டும். அதற்குள் பிள்ளைக்குத் தூக்கம் வந்துவிடும், டேட்டாவும் தீர்ந்திருக்கும். ஆங்கிலத்தில் வந்த வீட்டுப்பாடக் குறிப்பைப் படிக்க அம்மாவால் முடியாது. கன்னடம் பேசுவார், படிக்கத் தெரியாது. தமிழ் படிப்பார், ஆனால் பள்ளியிலிருந்து தமிழில் எதுவும் வராது. இப்படிப்பட்ட வீட்டுக்கு எழுத்துக் குறிப்பைவிட மிஸ் தன் குரலில் பேசி அனுப்பும் ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ் எவ்வளவோ மேல்.

நோட்டைப் படமெடுத்து அனுப்பும் வழக்கத்தையும் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பிள்ளை ‘இ’ எழுதுகிறது. அம்மா படமெடுத்து அனுப்புகிறார். மிஸ் ஒரு பச்சை டிக் போடுகிறார். படத்தில் எழுத்து சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளை எங்கே தொடங்கியது, எந்தப் பக்கமாகச் சுழித்தது, நடுவில் எத்தனை இடத்தில் பென்சிலை எடுத்தது என்பது படத்தில் தெரியாது. வகுப்பறையில் டீச்சர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பதும் கையைப் பிடித்து எழுத வைப்பதும் இதற்காகத்தான். படிக்கத் தொடங்காத 5 வயதுப் பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் செய்த 2012-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, தானாகக் கையால் எழுதிப் பழகிய எழுத்தைப் பார்க்கும்போதுதான் பின்னாளில் வாசிப்புக்கு உதவும் மூளைப்பகுதிகள் விழிக்கின்றன என்று கண்டது. தட்டச்சு செய்து பழகிய எழுத்துக்கும் புள்ளிகளின் மேல் இழுத்துப் பழகிய எழுத்துக்கும் அந்தப் பலன் இல்லை. ஆகவே முடிந்த பக்கத்தின் படத்தைவிட, எழுதும் கையை எடுத்த பத்து நொடி வீடியோ ஆசிரியருக்கு அதிகம் சொல்லும்.

நம் எழுத்துகளுக்கு இது இன்னும் பொருந்தும். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளைக் குழந்தை ஓராண்டில் பிடித்துவிடும். தமிழில் கி, கீ, கு, கூ என்று ஒவ்வொரு மெய்யும் ஒவ்வொரு உயிரோடு சேர்ந்து உருமாறுகிறது, எழுத்து 247. கன்னடத்தில் கூட்டெழுத்துகளும் சேர்ந்துகொள்கின்றன. பெங்களூருவில் பணியாற்றிய ஆய்வாளர் சோனாலி நாக், கன்னடம் கற்கும் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், எழுத்துகளை முழுமையாகப் பழகுவது நான்காம் வகுப்பு வரைகூட நீள்வதைக் காட்டினார். அது பிள்ளையின் மந்தம் அல்ல, அந்த எழுத்து முறையின் இயல்பு. கர்நாடகத்தில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 அக்டோபர் 25. 2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் கொடுத்த பிள்ளை முதன்முதலில் வகுப்பறை பெஞ்சில் உட்கார்ந்தபோது அது இரண்டாம் வகுப்பில் இருந்தது. எழுத்துப் பழகும் நீண்ட காலத்தின் முதல் ஒன்றரை ஆண்டு அப்படிக் கழிந்தது.

அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021 ஜனவரியில் கர்நாடகம் உட்பட 5 மாநிலங்களின் 1,137 அரசுப் பள்ளிகளில் 16,067 குழந்தைகளைச் சோதித்தது. 92 சதவீதம் பேர் முந்தைய ஆண்டு பெற்றிருந்த மொழித்திறனில் குறைந்தது ஒன்றை இழந்திருந்தார்கள். கணக்கில் 82 சதவீதம். இந்தக் கணக்கெடுப்பு அந்த ஆண்டின் புதுப்பாடங்களைத் தொடவேயில்லை. ஏற்கெனவே தெரிந்தது மறந்துபோனதை மட்டும்தான் அளந்தது.

இதற்கு நடுவில் நல்ல முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2020 ஆகஸ்டில் கர்நாடகம் ‘வித்யாகமா’வைத் தொடங்கியது. வீட்டில் எந்தக் கருவியும் இல்லாதவர்கள், சாதாரண போன் உள்ளவர்கள், ஸ்மார்ட்போன் உள்ளவர்கள் என்று பிள்ளைகளைப் பிரித்து, அரசுப் பள்ளி ஆசிரியர்களே பிள்ளைகளின் வசிப்பிடத்துக்குப் போனார்கள். கோயில் வளாகத்திலும் மரத்தடியிலும் சின்னக் குழுக்களாக உட்கார வைத்துப் பாடம் நடந்தது. தொற்று பரவும் அச்சத்தில் அக்டோபரில் அதை நிறுத்தினார்கள். நோய் அச்சம் நியாயமானதே. ஆனாலும் அந்த ஆண்டில் சிறு பிள்ளைக்கு எது தேவை என்பதை மிகச் சரியாகப் புரிந்துகொண்ட திட்டம் அதுதான் என்பேன்.

ஆசிரியரால் தெருவுக்கு வர முடியாதபோது என்ன செய்யலாம்? இதற்கு விடை ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவிலிருந்து வந்தது. பள்ளிகள் மூடியிருந்த நேரத்தில் 4,550 குடும்பங்களை ஆய்வாளர்கள் மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கணக்கு எஸ்எம்எஸ்ஸில் போனது. இன்னொரு பிரிவுக்கு எஸ்எம்எஸ்ஸோடு வாரம் ஒரு போன் அழைப்பும் போனது. சுமார் 20 நிமிடம், பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்து வைத்து, அந்தக் கணக்கைப் போடச் சொல்லிக் கேட்டார்கள். மூன்றாம் பிரிவுக்கு எதுவும் போகவில்லை. எஸ்எம்எஸ் மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. அழைப்பும் பெற்றவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். ஸ்மார்ட்போனும் டேட்டாவும் வேண்டாம், பட்டன் போன் போதும். பிறகு இந்தியா உட்பட 5 நாடுகளில் இதையே செய்து பார்த்தார்கள். அங்கும் பலன் கிடைத்தது.

இழந்தது நிரந்தரமாகப் போய்விடவில்லை என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த கார்த்திக் முரளிதரன் குழுவினர், 2021 டிசம்பரில் பெரும் சரிவைக் கண்டார்கள். கணக்கில்தான் அடி பலம். ஆனால் பள்ளிகள் திறந்து ஆறே மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீண்டதில் ஏறக்குறைய கால் பங்குக்கு, அந்த ஆண்டு அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் காரணம். மாலை நேரத்தில், அதே ஊர்க்காரரான ஒரு தன்னார்வலர், சிறு குழுவாகப் பிள்ளைகள். ஒவ்வொருவரும் சொல்வதைக் கேட்டு அங்கேயே திருத்த முடிந்த வகுப்பு அது.

பெருந்தொற்று ஓய்ந்துவிட்டாலும், வீட்டிலிருந்து படிக்க வேண்டிய பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அடுகோடிக்குப் பக்கத்திலேயே கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு முதல் மூன்று ஆண்டு சிகிச்சை தேவை. இதில் பல மாதங்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பதால், கூட்டமான வகுப்பறைக்குப் போகவே கூடாது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் குணமாகக் கூடியவர்கள். குணமானதும் தங்கள் வகுப்புக்கே திரும்ப வேண்டியவர்கள். கடுமையான உடற்குறை உள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி தர அரசுத் திட்டம் உண்டு. சிறப்பு ஆசிரியர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். கீமோ சிகிச்சையில் இருக்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கோ வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வரும் வீட்டுப்பாடம்தான் பள்ளி என்று ஆகிவிடுகிறது.

அந்தப் பிள்ளைக்கு வகுப்பாசிரியர் வாரம் ஒரு முறை போன் செய்தால் போதும். போன் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, பெரும்பாலும் இரவு ஏழுக்கு மேல், கூப்பிட வேண்டும். புத்தகத்தில் நாலு வரி படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். தடுமாறினால் உடனே எடுத்துக்கொடுக்காமல், அரை நொடித் தாமதத்தையும் கணக்கில் வைத்து, கொஞ்சம் கூடுதலாகவே பொறுத்திருக்க வேண்டும். ஒரு கணக்கு கொடுத்து, போட்டுவிட்டால் அதைவிடக் கடினமாக ஒன்று, தடுமாறினால் அதைவிட எளிதாக ஒன்று. பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டு, பிள்ளைக்குப் பழக்கமான மொழியில், அம்மாவிடம் இந்த வாரம் என்ன செய்யலாம் என்று ஒரே ஒரு வேலை சொல்ல வேண்டும். மொத்தம் இருபது நிமிடம். பள்ளியின் கால அட்டவணையில் இதற்கென்று ஒரு கட்டம் ஒதுக்கி, ஆசிரியரின் பணி நேரமாக அதைக் கணக்கிடுவதும் தலைமையாசிரியரால் செய்ய முடிந்த காரியமே.