அலங்காரமா, சிகிச்சையா?

விடியற்காலை நாலரை மணிக்கு எங்கள் வீட்டுக் குளியலறையில் விளக்கு எரிந்தால், என் அக்கா மகள் எழுந்துவிட்டாள் என்று அர்த்தம். மற்றவர்கள் எழுந்திருப்பதற்குள் அவள் முகத்தை மழித்து முடித்துவிட வேண்டும். எரிகிற கன்னத்தில் சோற்றுக் கற்றாழையைத் தடவி, எரிச்சல் அடங்கிய பிறகு பவுடர் போட்டுக்கொண்டு எட்டு மணி பஸ்ஸைப் பிடிப்பாள். சாயங்காலம் திரும்பி வருவதற்குள் தாடையில் பச்சை நிழல் தட்டிவிடும். துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இழுத்து விட்டுக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்தபடி உட்கார்ந்து வருவாள்.

அவள் திருநங்கை. அக்காவுக்குப் பையனாகப் பிறந்து, இருபத்திரண்டு வயதில் "நான் பொண்ணும்மா" என்று வாய் திறந்து சொன்னவள். அக்கா ஒரு வருஷம் அழுதாள். மாமா இரண்டு வருஷம் பேசவே இல்லை. இப்போது அவரே வாரம் தவறாமல் போன் செய்து, "பாப்பா சாப்பிட்டாளா?" என்று என்னிடம் கேட்கிறார். வேலை சென்னையில் என்பதால் அவள் எங்களோடு இருக்கிறாள்.

இதையெல்லாம் எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதுங்க சித்தி, யாருக்காவது உபயோகப்படட்டும்" என்றாள். அந்த உபயோகத்துக்காகத்தான் எழுதுகிறேன்.

மாத்திரை தாடியை எடுக்காது

டாக்டர் சொல்லி ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டு வருகிறாள். அதில் தோல் மிருதுவாகும், உடம்பின் வாகு மாறும். ஆனால் ஒருமுறை தடித்து வளர்ந்துவிட்ட தாடி, மாத்திரையால் போகாது. அதை வேரில்தான் அழிக்க வேண்டும்.

வழிகள் இரண்டு. ஒன்று, லேசர். முடியில் உள்ள கருமையை அந்த ஒளி பிடித்துச் சூடாக்கி, வேரைக் கருக்குகிறது. அதனால் கருத்த முடிக்குத்தான் பலன். நரைத்த முடியை அது தொடாது. எல்லா முடியும் ஒரே சமயத்தில் வளர்வதில்லை. ஆகவே சில வார இடைவெளியில் பல தடவை போக வேண்டும். நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கும் கறுத்த தோலுக்கும் 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் பத்திரமானது என்கிறார்கள். தெருவுக்குத் தெரு திறந்திருக்கும் அழகு நிலையத்தில் விவரம் தெரியாதவர் கையில் முகத்தைக் கொடுத்தால் தோல் வெந்து, தழும்பு நின்றுவிடும். தோல் டாக்டரிடமே போங்கள்.

இன்னொன்று, மின்சார ஊசி. மயிரிழை போன்ற ஊசியை ஒவ்வொரு முடியின் வேரிலும் இறக்கி அழிப்பது. நேரம் அதிகம், வலியும் உண்டு. ஆனால் நரைமுடிக்கும் பலிக்கும்.

முகத்துக்கு மட்டும் என்று இல்லை. பால் மாற்று அறுவைச் சிகிச்சைகளில் சிலவற்றுக்கு, எந்தத் தோலை எடுத்து உள்ளே வைத்துத் தைக்கிறார்களோ, அந்தத் தோலில் உள்ள முடியை முன்கூட்டியே நீக்க வேண்டும். விட்டுவிட்டால் பிறகு உள்ளேயே முடி வளர்ந்து தொல்லை கொடுக்கும். அங்கே முடி நீக்குவது ஆபரேஷனுக்கான தயாரிப்பில் ஒரு பகுதி. இதை யாராவது அழகு விஷயம் என்று சொல்ல முடியுமா?

ஒரு வரிக் கடிதம்

தோல் டாக்டர் தடவைக்கு 4,000 ரூபாய் என்றும், முதலில் எட்டுத் தடவை வேண்டும் என்றும் சொன்னார். 32,000 ரூபாய்! இவளுடைய கம்பெனியில் எல்லோருக்கும் சேர்த்து மருத்துவ இன்ஷ்யூரன்ஸ் எடுத்திருக்கிறார்கள். முதல் இரண்டு தடவைக்கான ரசீதை அனுப்பினாள். இருபது நாளில் பதில் வந்தது. "இது அழகுபடுத்தும் சிகிச்சை. பாலிசியில் இடமில்லை." அவ்வளவுதான்.

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. "விடுங்க சித்தி. அவங்களுக்கு இது பியூட்டி பார்லர் மாதிரி" என்றாள்.

எனக்கு மனசு ஆறவில்லை. நான் பள்ளிப் படிப்போடு நின்றவள். ஆனாலும் மளிகைக் கடைச் சீட்டை வரி வரியாகப் பார்க்காமல் பணம் கொடுக்க மாட்டேன். பாலிசியும் ஒரு சீட்டுதானே? "அந்தப் பாலிசி முழுசையும் எடுத்துக் கொடுடி" என்றேன். அவள் படித்து அர்த்தம் சொல்ல, நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். நாலு நாள் ஆயிற்று.

பாலிசியில் என்ன இருந்தது?

நம் நாட்டு மருத்துவ இன்ஷ்யூரன்ஸ் பாலிசிகளில் "இதற்கெல்லாம் பணம் தரமாட்டோம்" என்று ஒரு பட்டியல் இருக்கும். அதற்கு விலக்குகள் என்று பெயர். இன்ஷ்யூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் இந்த விலக்குகளுக்கு ஒரே மாதிரி வாசகமும் நம்பரும் கொடுத்தது. அதில் 7-ஆம் நம்பர், பால் மாற்றுச் சிகிச்சைகள். 8-ஆம் நம்பர், அழகு சிகிச்சையும் பிளாஸ்டிக் சர்ஜரியும்.

இரண்டும் வேறு வேறு என்பதை நன்றாகக் கவனியுங்கள். சாதாரணமாக நாம் குடும்பத்துக்கு எடுக்கும் பாலிசிகளில் இந்த இரண்டும் இருக்கும். ஆனால் கம்பெனிகள் மொத்தமாக எடுக்கும் குழு பாலிசியில், கூடுதல் பிரீமியம் கட்டி 7-ஆம் நம்பரை நீக்கிக்கொள்ளலாம். சில பெரிய கம்பெனிகள் அப்படிச் செய்கின்றன. இவள் கம்பெனியும் செய்திருந்தது! பாலிசியின் கடைசியில் ஒட்டியிருந்த இணைப்புத் தாளில், பால் மாற்றுச் சிகிச்சைக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் வரை உண்டு, படுக்கையில் சேராத சிகிச்சையும் சேரும் என்று இருந்தது. இன்ஷ்யூரன்ஸ்காரர்கள் அந்தத் தாளைப் பார்க்காமல் 8-ஆம் நம்பரைப் போட்டு மறுத்திருக்கிறார்கள்.

8-ஆம் நம்பரிலும் ஒரு வாசல் உண்டு. விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பிறகு உறுப்பைச் சீரமைப்பதற்கு அந்த விலக்கு பொருந்தாது. உடனடியான ஆபத்தைப் போக்கத் தேவையான சிகிச்சை என்று டாக்டர் சான்று கொடுத்தாலும் பொருந்தாது. மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் ஆன சகோதரிகள் இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

டாக்டர் கடிதம்

முதல் தடவை நாங்கள் செய்த தப்பும் ஒன்று உண்டு. ரசீதை மட்டும் அனுப்பினோம். ரசீதில் "லேசர், முகம்" என்று இருந்தது. அதைப் பார்க்கிறவருக்கு என்ன தெரியும்?

இரண்டாம் தடவை இரண்டு டாக்டர்களிடம் கடிதம் வாங்கினோம். ஹார்மோன் டாக்டர், நோயறிதல் என்ன, எந்தத் தேதியிலிருந்து சிகிச்சை, மாத்திரையால் தாடி ஏன் போகாது என்று எழுதினார். தோல் டாக்டர், எந்த இடம், எந்த முறை, எத்தனை தடவை, எவ்வளவு செலவு என்று எழுதினார். "இது அந்தச் சிகிச்சையின் பகுதி, மருத்துவத் தேவை" என்ற வாசகம் இரண்டிலும் இருந்தது.

அந்தக் கடிதத்துக்குப் பலம் சேர்க்க இரண்டு விஷயங்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த 11-ஆவது நோய்ப் பட்டியலில், இந்த நிலையை மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்துப் பாலியல் நலப் பகுதியில் வைத்தது. திருநர் நலத்துக்கான உலக மருத்துவர் சங்கம் 2022-இல் வெளியிட்ட 8-ஆவது சிகிச்சை நெறிமுறை, முகத்திலும் உடம்பிலும் முடி நீக்குவதை மருத்துவத் தேவைகளின் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. இரண்டையும் டாக்டர் தம் கடிதத்தில் குறிப்பிட்டார்.

கம்பெனியின் பணியாளர் பிரிவில் ஒரு அம்மாள் இருந்தார். அவர் மூலமாக, இணைப்புத் தாளின் நகலோடு இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினோம். ஐந்து வாரம் கழித்துப் பணம் வந்தது. முழுசாக வரவில்லை. கடிதத்தின் தேதிக்கு முந்தின முதல் தடவைக்குத் தர முடியாது என்றுவிட்டார்கள். கடிதத்தை முதலிலேயே வாங்கியிருந்தால் அந்த நாலாயிரமும் மிஞ்சியிருக்கும்.

வேலையும் பாலிசியும் இல்லாதவர்கள்?

எல்லாருக்கும் இப்படிக் கம்பெனி பாலிசி கிடைக்காது. அவர்களுக்கு அரசாங்கத்தின் வழிதான். பாராளுமன்றம் 2019-இல் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியபோது, 15-ஆவது பிரிவில் அரசாங்கத்தின் கடமைகளைச் சொன்னது. அறுவைச் சிகிச்சை, ஹார்மோன் சிகிச்சை, லேசர் சிகிச்சை இவற்றின் செலவுக்கு இன்ஷ்யூரன்ஸ் திட்டம் வேண்டும் என்று அதில் எழுதினார்கள். லேசர் என்ற வார்த்தையே சட்டத்தில் வந்தது! இது தனியார் கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் பிரிவு இல்லை. ஆனால் லேசர் ஆடம்பரம் இல்லை, மருத்துவச் செலவு என்று பாராளுமன்றமே எழுதிவிட்டது என்று கடிதத்தில் காட்டலாம்.

2022 ஆகஸ்டில் மத்திய அரசின் சமூக நீதித் துறையும் தேசிய சுகாதார ஆணையமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மாவட்ட ஆட்சியர் வழங்கும் திருநர் சான்றிதழ் உள்ளவருக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பு என்பது அதன் சாரம். முடி நீக்கத்தை எந்தச் சிகிச்சையோடு சேர்த்து எழுதுவார்கள் என்பதை, ஆரம்பிப்பதற்கு முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டு உதவி மேசையில் கேட்டு, எழுதி வாங்குங்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் பதிந்திருப்பவர்கள், அதற்கு முன்னால் செய்யும் முடி நீக்கத்தையும் அங்கேயே செய்வார்களா என்று கேட்கத் தவறக் கூடாது.

ஞாபகம் வைத்துக்கொள்ள

1. சிகிச்சைக்கு முன்பே பாலிசி முழுவதையும், கடைசி இணைப்புத் தாள் வரை, வாங்கிப் படியுங்கள். 7-ஆம் நம்பர் விலக்கு இருக்கிறதா, நீக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

2. படுக்கையில் சேராமல் செய்யும் சிகிச்சைக்குப் பணம் உண்டா என்று கேளுங்கள். ஆபரேஷனுக்கு முந்தின செலவு என்று பாலிசிகள் பெரும்பாலும் 30 நாள் அல்லது 60 நாள்தான் கொடுக்கும். முடி நீக்கமோ பல மாதம் பிடிக்கும். ஆகவே முன் அனுமதி வாங்குவது நல்லது.

3. டாக்டர் கடிதத்தின் தேதி, முதல் ரசீதின் தேதிக்கு முந்தி இருக்கட்டும்.

4. போனில் "முடியாது" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்த விலக்கின்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

5. கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, பதில் நியாயமாக இல்லை என்றாலோ, இன்ஷ்யூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அவருடைய அலுவலகம் ஒன்று சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். குழு பாலிசியில் இருப்பவரும் போகலாம். தீர்ப்பை இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி ஏற்றே ஆக வேண்டும்.

6. லேசருக்குப் போகும் காலத்தில் முடியைப் பிடுங்கவோ, நூல் வைத்து எடுக்கவோ வேண்டாம். வேர் இருந்தால்தான் லேசருக்கு வேலை. மழித்துக்கொள்ளலாம். வெயிலில் அலையக் கூடாது.

சினைப்பை நீர்க்கட்டியால் மோவாயில் முடி வளர்ந்து, கண்ணாடி பார்க்கவே கூசும் இளம்பெண்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ரகசியமாக டாக்டரிடம் ஓடும் அம்மாக்களுக்கு அந்த வேதனை தெரியும். அதையே பத்து மடங்கு பெருக்கிப் பாருங்கள். என் அக்கா மகளின் விடியற்காலை புரியும்.

ஆறு தடவை முடிந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் பாக்கி. போன வாரம் நான் ஐந்தரைக்கு எழுந்து பால் காய்ச்சும்போது குளியலறை இருட்டாக இருந்தது. உடம்புக்கு ஏதாவதோ என்று பயந்து அவள் அறையை எட்டிப் பார்த்தேன். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பாமல் வந்துவிட்டேன்.